தோட்டத்தைக் காணாத தோட்ட முதலாளி: லிவர்பூல் வணிகர் ஜான் கிளாட்ஸ்டனும் கரீபிய அடிமை முறையும்

ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் 1764இல் ஒரு தானிய வணிகரின் மகனாகப் பிறந்த ஜான் கிளாட்ஸ்டன், 1787இல் லிவர்பூலுக்குக் குடிபெயர்ந்து, அங்கே தானியம், சர்க்கரை, பருத்தி வணிகங்களில் பெரும்பொருள் ஈட்டினார். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1846இல் பாரனட் என்னும் பரம்பரைப் பட்டம் பெற்றார். 1851இல் ஸ்காட்லாந்திலுள்ள தம் மாளிகையில் இறந்தார். பிற்காலத்தில் நான்கு முறை பிரிட்டனின் பிரதமராக இருந்த வில்லியம் எவார்ட் கிளாட்ஸ்டன் இவருடைய மகன். பிரிட்டன் 1834இல் அடிமைகளை விடுவித்தபோது, கரீபியக் காலனிகளில் 2,508 மனிதர்கள் இவருடைய சொத்தாகப் பதிவாகியிருந்தனர். ஆனால் அவர்கள் உழைத்த தோட்டங்களில் ஒன்றுக்குக்கூட ஜான் கிளாட்ஸ்டன் தம் வாழ்நாளில் சென்றதில்லை.

ஒரு மனிதர் தம் ஊரைவிட்டு நகராமலேயே, தாம் ஒருபோதும் பார்த்திராத இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு உடைமையாளராக எப்படி ஆக முடிந்தது? அதைப் புரிந்துகொண்டால் கரீபிய அடிமை முறையின் முதுகெலும்பு எங்கே இருந்தது என்பதும் ஓரளவு விளங்கும். பெயர் தெரியாத பல நூறு வணிகர்களைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதைவிட, கடிதங்களும் கணக்குகளும் நிறைய எஞ்சியிருக்கும் இந்த ஒருவரைப் பின்தொடர்வதே புதிதாகப் படிப்பவர்களுக்கு எளிதென்று கருதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அடிமை வணிகம் வேறு, அடிமை முறை வேறு. ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்கிக் கப்பலில் அடைத்து அட்லாண்டிக்கின் மறுகரையில் விற்பது அடிமை வணிகம். அதை பிரிட்டன் 1807இல் சட்டப்படி தடைசெய்தது. ஆனால் ஏற்கெனவே அடிமைப்பட்டிருந்தவர்களையும் அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளையும் சொத்தாக வைத்திருப்பதும், அவர்களை அடமானம் வைப்பதும், மகனுக்கு எழுதிவைப்பதும் 1834 வரை முழுக்கச் சட்டபூர்வமாகவே இருந்தன. கிளாட்ஸ்டனின் கரீபியச் செல்வத்தின் பெரும்பகுதி இந்த இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுகளில்தான் திரண்டது. ஆகவே, ‘அவர் அடிமைக் கப்பல் ஓட்டியவர் அல்லர்’ என்று அவர் சார்பில் சொல்லப்படும் வாதம், மேலோட்டமாகப் பார்த்தால் பொருந்துவதுபோல் தோன்றினாலும், கேள்வியின் மையத்தைத் தொடுவதே இல்லை.

அவரைத் தோட்டத்தோடு பிணைத்த கயிறு கடன். கரும்புத் தோட்டம் நடத்துவது பெருமுதல் தேவைப்படும் தொழில். நிலம் வேண்டும், ஆலை வேண்டும், பாகு காய்ச்சச் செப்புக் கொப்பரைகள் வேண்டும், கருவாடும் மாவும் துணியும் பீப்பாய்ப் பலகையும் கப்பலில் வர வேண்டும். இவை அனைத்துக்கும் மேலாக, உழைக்கும் மனிதர்களையே விலைகொடுத்து வாங்க வேண்டும். விளைந்த சர்க்கரை பிரிட்டனுக்குப் போய் விற்றுப் பணமாகத் திரும்புவதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை தாக்குப்பிடிக்கத் தோட்டக்காரர் லிவர்பூல், லண்டன், பிரிஸ்டல், கிளாஸ்கோ போன்ற துறைமுக நகரங்களின் வணிகர்களிடம் கடன் வாங்கினார். வணிகரும் சும்மா கொடுத்துவிடவில்லை. விளையும் சர்க்கரை முழுவதையும் தம்மிடமே அனுப்ப வேண்டும், தம் மூலமே விற்க வேண்டும், தோட்டத்துக்கு வேண்டிய சரக்குகளையும் தம் வழியாகவே வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. விற்பனைக்குத் தரகு, கப்பலுக்குக் கூலி, காப்பீட்டுக்கு ஒரு தொகை, கடனுக்கு வட்டி என்று ஒரே சர்க்கரைப் பீப்பாயின்மீது அவர் நான்கைந்து வழிகளில் வருவாய் பார்க்க முடிந்தது.

அந்தக் கடனுக்கு ஈடாக என்ன அடமானம் வைக்கப்பட்டது என்பதே இதில் கவனிக்க வேண்டிய இடம். அடமானப் பத்திரத்தில் நிலம், கட்டடம், ஆலை, மாடு ஆகியவற்றோடு மனிதர்களும் சொத்தாகவே சேர்க்கப்பட்டனர். சர்க்கரை விலை வீழ்ந்தாலோ, மழை பொய்த்தாலோ, தோட்டக்காரர் தவணை தவறினாலோ, தோட்டம் கடன் கொடுத்தவர் கைக்குப் போகும். நிலத்தோடு மனிதர்களும் போவார்கள். இப்படித்தான் கடன் கொடுக்கத் தொடங்கிய பல வணிகர்கள் காலப்போக்கில் தோட்ட முதலாளிகளானார்கள். கிளாட்ஸ்டனின் பாதையும் இதுவே. 1803 வாக்கில் டெமராராவில் ஒரு தோட்டத்தின்மீது கடன் கொடுத்துத் தொடங்கிய அவர், 1812இல் ‘சக்சஸ்’ என்னும் தோட்டத்தில் பாதிப் பங்கையும், 1816இல் முழுத் தோட்டத்தையும் தமதாக்கிக்கொண்டார். பின்னர் ஜமைக்காவிலும் தோட்டங்கள் சேர்ந்தன. லிவர்பூலின் மேற்கிந்தியத் தீவு வணிகர் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆனார்.

டெமராரா என்பது இன்றைய கயானா நாட்டின் ஒரு பகுதி. தென்னமெரிக்காவின் வடகரையில், அட்லாண்டிக் கடலைப் பார்த்து அமைந்திருந்த இந்த டச்சுக் காலனியை பிரிட்டிஷார் போர்க்காலத்தில் கைப்பற்றி, 1814இல் உடன்படிக்கை மூலம் தமதாக்கினர். 1831இல் பக்கத்துக் காலனிகளோடு இணைத்து பிரிட்டிஷ் கயானா என்று பெயரிட்டனர். தீவாக இல்லாவிட்டாலும், மொழியாலும் வணிகத்தாலும் தோட்ட முறையாலும் இது கரீபியத்தின் பகுதியாகவே எண்ணப்படுகிறது.

இந்த நிலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கயானாவின் கடற்கரைச் சமவெளி, கடல் பெருக்கெடுக்கும் வேளையில் கடல்மட்டத்தைவிடத் தாழ்ந்து கிடப்பது. முன்பக்கம் கடலைத் தடுக்கக் கரை, பின்பக்கம் சதுப்புநீரைத் தடுக்க இன்னொரு கரை, நடுவே வடிகால்களும் படகு போகும் வாய்க்கால்களும், கடல் வற்றும்போது திறந்து ஏறும்போது அடைக்க மரத்தாலான மதகுகள் என்று எல்லாம் அமைந்தால்தான் அங்கே கரும்பு நிற்கும். ஒரு சதுர மைல் கரும்பு நிலத்துக்கு ஏறத்தாழ 65 மைல் நீளத்துக்கு வாய்க்காலும் வடிகாலும் வேண்டியிருந்தன. இயந்திரம் ஏதுமின்றி, நீண்ட கைப்பிடி கொண்ட மண்வெட்டியால், முழங்காலளவு நீரில் நின்று, ஈரக் களிமண்ணை வாரி வாரி எறிந்து இவற்றைத் தோண்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளும். தோண்டியதோடு முடிந்துவிடவில்லை, மழைக்குப் பின் மீண்டும் தூர்வார வேண்டும். காப்பியும் பருத்தியும் பயிரிட்டுவந்த சக்சஸ் தோட்டம் கிளாட்ஸ்டன் காலத்தில் கரும்புக்கு மாற்றப்பட்டதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பருத்தியைவிடக் கரும்பு உழைப்பவரின் உடலைப் பல மடங்கு வருத்துவது.

வெட்டிய கரும்பை வைத்திருந்தால் சாறு புளித்துவிடும். ஓரிரு நாளுக்குள் ஆலையில் பிழிந்தாக வேண்டும். ஆகவே அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடியது. சுழலும் உருளைகளுக்கிடையே ஒருவர் கரும்பைச் செருகுவார். தூக்கம் கண்ணைக் கட்டிக் கை சற்று உள்ளே போனால், உருளை முழுக் கையையும் இழுத்துக்கொள்ளும். அப்படி நேர்ந்தால் உடலைக் காப்பாற்றக் கையை வெட்டிவிடுவதற்கென்றே கரீபியத் தோட்டங்கள் பலவற்றில் ஆலைக்கருகே ஒரு கோடாரி தயாராக இருந்தது. கொதிக்கும் சாற்றைப் பெரிய கொப்பரையிலிருந்து அடுத்தடுத்த சிறிய கொப்பரைகளுக்கு நீண்ட அகப்பையால் மாற்றி மாற்றி, பதம் வரும் கணத்தைக் கண்டுபிடித்து இறக்குவது மிகத் தேர்ந்த கைவேலை. பதம் தப்பினால் சர்க்கரை உறையாது. அந்த வெப்பத்தில் நின்று பதம் பார்த்தவரும் சட்டத்தின் கண்ணில் ஒரு பொருளாகவே இருந்தார்.

இவை எதையும் லிவர்பூலில் இருந்தவர் பார்க்கவில்லை. அவருக்குக் கடிதங்கள் வந்தன. முதலாளி ஊரில் இல்லாத தோட்டங்களை நடத்த ‘அட்டர்னி’ எனப்பட்ட ஒரு முகவர் இருந்தார். அவருக்குக் கீழே ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு மேலாளர், அவருக்குக் கீழே மேற்பார்வையாளர்கள், அவர்களுக்கும் கீழே அடிமைகளிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டுச் சவுக்கோடு வயலில் நின்ற கங்காணி. டெமராராவில் கிளாட்ஸ்டனின் அட்டர்னியாக இருந்தவர் ஃபிரெடரிக் கார்ட். தொழிலாளர்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள், வேலை மிதமாகவே இருக்கிறது, உடையும் உணவும் போதிய அளவு கிடைக்கின்றன என்று அவர் எழுதினார். கிளாட்ஸ்டன் அதை நம்பினார், அல்லது நம்புவது அவருக்கு வசதியாக இருந்தது. விளைச்சலை உயர்த்திக் காட்டினால்தான் அட்டர்னிக்குப் பெயரும் பணமும்; துன்பத்தை எழுதினால் அவர் பதவிக்கே ஆபத்து. அறிக்கை எழுதுபவரின் நலனும் உண்மையும் எதிரெதிர்த் திசைகளில் இழுத்த இந்த ஏற்பாட்டில், முதலாளிக்கு நல்ல செய்தி மட்டுமே வந்துசேர்ந்ததில் வியப்பில்லை. எனினும் அறியாமையை ஒரு சாக்காக அவருக்கு நான் தரமாட்டேன். நேரில் போய்ப் பார்க்கும் வசதியும் காலமும் அவருக்கு இருந்தன. ஆண்டுக்கணக்கில் கேள்விகளும் அவர் முன்னே வைக்கப்பட்டன.

அந்தக் கேள்விகள் மிகக் கூர்மையாக எழுந்த ஆண்டு 1823. அடிமைகளின் நிலையைச் சற்றே மேம்படுத்த வேண்டும், பெண்களைச் சவுக்கால் அடிக்கக் கூடாது, வயலில் சவுக்கைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்ற பரிந்துரைகள் அவ்வாண்டு லண்டனிலிருந்து காலனிகளுக்கு அனுப்பப்பட்டன. டெமராரா ஆளுநர் ஜான் மரே அவற்றை உடனே வெளியிடவில்லை. ஏதோ நல்லது வந்திருக்கிறது, அதை வெள்ளையர்கள் மறைக்கிறார்கள் என்ற செய்தி மட்டும் தோட்டத்துக்குத் தோட்டம் பரவியது. மன்னர் விடுதலையே தந்துவிட்டார் என்று பலர் நம்பினர். ஆகஸ்ட் 18 அன்று எழுச்சி தொடங்கியது. தொடங்கிய இடம் கிளாட்ஸ்டனின் சக்சஸ் தோட்டம்.

எழுச்சியை முன்னின்று நடத்தியவர்களில் தலைமையானவர் ஜாக் கிளாட்ஸ்டன். சக்சஸ் தோட்டத்தில் பீப்பாய் செய்யும் தச்சர். தாம் ஒருமுறைகூடக் கண்டிராத உடைமையாளரின் குடும்பப் பெயரை அவர் சுமந்திருந்தார். அவருடைய தந்தை குவாமினா, அதே தோட்டத்தின் தச்சர். அருகிலிருந்த பெத்தேல் திருச்சபையில் மூப்பராகவும் இருந்தவர், வன்முறை வேண்டாம் என்று தடுக்க முயன்றவர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் எழுந்தபோதும், கொல்லப்பட்ட வெள்ளையர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே; பெரும்பாலான தோட்டங்களில் மேலாளர்களைப் பிடித்து, வழக்கமாக அடிமைகளைப் பூட்டிவைக்கும் தொழுமரத்தில் பூட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். பதிலடி அந்த அளவில் நிற்கவில்லை. ‘பேச்சிலர்ஸ் அட்வென்ச்சர்’ தோட்டத்தில் கூடியிருந்தவர்கள்மீது படையினர் சுட்டதில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிறகு விசாரணைகளும் தூக்குத் தண்டனைகளும் தொடர்ந்தன. குவாமினா செப்டம்பர் 16 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் சக்சஸ் தோட்டத்தின் முன்னே, சாலையில் போவோர் வருவோர் எல்லாரும் காணும்படி, சங்கிலியில் தொங்கவிடப்பட்டது. ஜாக் கிளாட்ஸ்டன் செயின்ட் லூசியா தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். எழுச்சியைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டு மரண தண்டனை பெற்ற மதபோதகர் ஜான் ஸ்மித், லண்டனிலிருந்து மன்னிப்பு வந்துசேருமுன், 1824 பிப்ரவரியில் சிறையிலேயே காசநோயால் இறந்தார். அவருடைய சாவு பிரிட்டனில் ஏற்படுத்திய கொந்தளிப்பு, நூற்றுக்கணக்கான அடிமைகளின் சாவு ஏற்படுத்தியதைவிடப் பெரிது என்பதையும் வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது.

இச்செய்தி லிவர்பூலை எட்டிய காலத்தில், அதே நகரத்தின் வணிகரும், குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவரும், அடிமை ஒழிப்புக்காக உழைத்தவருமான ஜேம்ஸ் கிராப்பருக்கும் கிளாட்ஸ்டனுக்கும் இடையே உள்ளூர்ச் செய்தித்தாள்களில் நீண்ட கடிதப் போர் நடந்தது. கிளாட்ஸ்டன் முதலில் ‘மெர்க்காட்டர்’, அதாவது வணிகர், என்ற புனைபெயரில் எழுதினார். அடிமைகளுக்குப் போதிய உணவும் பராமரிப்பும் உண்டென்றும், திடீர் விடுதலை அவர்களுக்கே கேடு என்றும் வாதிட்டார். கிராப்பரும் கிழக்கிந்தியச் சர்க்கரை வணிகத்தில் ஈடுபட்டிருந்தவர். அவருக்கும் தம் வணிக நலன் இருந்தது என்பதை எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டத் தவறவில்லை. 1833இல் விடுதலைச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, கிளாட்ஸ்டனின் ‘விரீட்-என்-ஹூப்’ தோட்டத்தில் அடிமைகள் அளவுக்கு மீறிய வேலையால் இறந்துகொண்டிருக்கிறார்கள் என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஹோவிக் பிரபு எண்களோடு குற்றம் சாட்டினார். அதற்கு மறுமொழி சொல்ல ஜூன் 3 அன்று எழுந்தவர், அவைக்குப் புதியவரான 23 வயது வில்லியம் கிளாட்ஸ்டன். தந்தையின் தோட்ட மேலாளருக்காக வாதாடியதே அவருடைய முதல் பெரிய உரையாக அமைந்தது. ஈட்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் அவர் பெற்ற கல்விக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

சட்டம் நிறைவேறி 1834 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் அரசு இழப்பீடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அரசின் அன்றைய ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு அது. இதற்காக எழுந்த கடனின் எச்சம் 2015இல்தான் அடைக்கப்பட்டதாக பிரிட்டனின் கருவூலமே தெரிவித்திருக்கிறது. இழப்பீடு யாருக்கு என்பதில்தான் புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். முழுத் தொகையும் உடைமையாளர்களுக்கும், அடமானத்தின்மீது உரிமை கோரிய வணிகர்களுக்குமே போயிற்று. அடிமைப்பட்டிருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. மாறாக, ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரில் வாரத்துக்கு 45 மணி நேரம்வரை பழைய முதலாளிக்கே கூலியின்றி அவர்கள் உழைக்க வேண்டியிருந்தது. அது 1838 ஆகஸ்ட் வரை நீடித்தது. ஒரு மனிதருக்கு இவ்வளவு என்று காலனிக்குக் காலனி விகிதம் வேறுபட்டது: கயானாவில் சராசரி 50 பவுண்டுக்கு மேல், ஜமைக்காவில் 20 பவுண்டுக்கும் குறைவு. வளமான புதிய நிலத்தில் உழைப்பவரின் ‘சந்தை விலை’ அதிகம் என்பதே இதன் காரணம். 2,508 பேருக்காக ஜான் கிளாட்ஸ்டன் பெற்ற தொகை 1,06,769 பவுண்டு; தனியொருவர் பெற்ற மிகப் பெரிய தொகைகளுள் இதுவும் ஒன்று.

பயிற்சிக் காலம் முடிந்தால் விடுதலை பெற்றவர்கள் தோட்டத்தை விட்டுப் போய்விடுவார்கள், கூலி கேட்பார்கள் என்ற அச்சம் முதலாளிகளை வாட்டியது. இங்கேதான் இக்கதை இந்தியாவைத் தொடுகிறது. கிளாட்ஸ்டன் 1836 ஜனவரி 4 அன்று, கல்கத்தாவிலிருந்த கில்லாண்டர்ஸ், ஆர்பத்நாட் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். அந்நிறுவனம் ஏற்கெனவே மொரிசியஸ் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பிவந்தது. தம் தோட்டங்களுக்கு இளைஞரும் உடல்வலுவுள்ளவருமான நூறு பேர் வேண்டும், ஐந்து முதல் ஏழாண்டு ஒப்பந்தம் வேண்டும் என்று அவர் கேட்டார். மலைவாழ் மக்களை அனுப்பலாம், அவர்களுக்கு உண்பதும் குடிப்பதும் உறங்குவதும் தவிர வேறு தேவையில்லை, எங்கே போகிறோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது என்ற பொருளில் நிறுவனம் மறுமொழி எழுதியது. கடிதத்தை எழுதியவருக்கும் பெற்றவருக்கும் இதில் கூச்சம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

1838 ஜனவரியில் ‘விட்பி’, ‘ஹெஸ்பரஸ்’ என்னும் இரு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டன. மே 5 அன்று கயானாவில் கரையிறங்கியவர்கள் 396 பேர். பெண்கள் மிகச் சிலரே. கிளாட்ஸ்டனின் விரீட்-என்-ஹூப்புக்கும் விரீட்-என்-ஸ்டைனுக்கும் ஒரு பகுதியினர் அனுப்பப்பட்டனர். டச்சு மொழியில் விரீட்-என்-ஹூப் என்றால் ‘அமைதியும் நம்பிக்கையும்’ என்று பொருள். அடுத்த ஆண்டு அடிமை ஒழிப்புச் சங்கத்தைச் சேர்ந்த ஜான் ஸ்கோபிள் அங்கே சென்று விசாரித்தபோது, கூலிகள் சவுக்கடி பட்டதும், நோயாளிகள் கவனிப்பாரின்றிக் கிடந்ததும் வெளிவந்தன. இத்திட்டம் ‘ஒரு புதிய அடிமை முறைக்கு’ இட்டுச்செல்லக்கூடும் என்று காலனிகளுக்கான அமைச்சர் ஜான் ரஸ்ஸல் பிரபு 1840இல் எழுதினார். ஆட்களை அனுப்புவது அதற்கு முன்பே தடைசெய்யப்பட்டிருந்தது. ஆனால் 1845 முதல் மீண்டும் தொடங்கி 1917 வரை நடந்தது. அக்காலத்தில் கயானாவுக்குப் போன ஏறத்தாழ இரண்டே கால் லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களில் பெரும்பாலோர் கல்கத்தா வழியாகச் சென்றவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போன தமிழரும் தெலுங்கரும் சிறுபான்மையினர். அவர்கள் கொண்டுசென்ற மாரியம்மன் வழிபாடு இன்றும் அங்கே உயிரோடிருக்கிறது. கிளாட்ஸ்டனோ 1840 வாக்கில் தம் கயானாத் தோட்டங்களில் பெரும்பாலானவற்றை விற்றுப் பணத்தை பிரிட்டனுக்குள்ளேயே வேறு முதலீடுகளுக்குத் திருப்பிவிட்டார்.

எழுச்சியின் இருநூறாம் ஆண்டான 2023 ஆகஸ்டில், கிளாட்ஸ்டன் குடும்பத்தின் இன்றைய தலைமுறையினர் சிலர் கயானா பல்கலைக்கழகத்துக்கு நேரில் சென்று, அடிமைப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்களிடமும் ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியரின் வழித்தோன்றல்களிடமும் மன்னிப்புக் கேட்டனர். ஆய்வுப் பணிக்காக நிதியுதவியும் அறிவித்தனர். ஜான் கிளாட்ஸ்டன் கால்வைக்காத நாட்டில் அவருடைய வழிவந்தவர்கள் நின்று பேசிய அந்த அரங்கிலேயே, மன்னிப்பு மட்டும் போதாது, ஈடு வேண்டும் என்ற பதாகைகளைச் சிலர் உயர்த்திப் பிடித்திருந்தனர்.

இதைத் தாமே பார்க்க விரும்புவோருக்கு ஒரு வழி உண்டு. இழப்பீடு பெற்றவர்கள் அனைவரின் விவரத்தையும் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் தொகுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கிளாட்ஸ்டன் என்று தேடினால் கோரிக்கை எண், தோட்டம், எத்தனை பேர், எத்தனை பவுண்டு, ஷில்லிங், பென்னி என்பவை வரும். அந்த எண்ணிக்கைக்குள் இருந்தவர்களின் பெயர்கள் அங்கே பெரும்பாலும் இருக்காது. அவற்றைக் காண 1817 முதல் காலனி அரசு எடுத்த அடிமைப் பதிவேடுகளுக்குப் போக வேண்டும். லண்டனில் கியூ என்னும் இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை இருக்கின்றன. தோட்டம் தோட்டமாக, பெயர், வயது, பிறந்த இடம், செய்யும் வேலை என்று வரிசையாக எழுதப்பட்ட பக்கங்கள் அவை.